முதலில் நிலம், பிறகு மனு

மலையூர்ப் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் கேட்டு எழுதப்படும் மனுக்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் ஏக்கத்தில் தொடங்கி, ஆவன செய்யும்படி வேண்டி முடிகின்றன. அந்த ஏக்கம் உண்மையானது. போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் காலையிலேயே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடுகிறது. பள்ளி விட்டதிலிருந்து பெற்றோர் வரும்வரை பிள்ளைகள் பயமில்லாமல் ஓடியாட ஓர் இடம் வேண்டும். சாலையோரமும் ஓடைக்கரையும் அதற்கு ஏற்றவை ஆகா. ஆனால் மனுவைக் கையில் வாங்கும் அலுவலர் தேடுவது வேறு மூன்று விடைகளை: நிலம் யாருடையது, செலவு எவ்வளவு, கட்டி முடித்தபின் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் வைத்திருக்கும் சிறிய கோரிக்கை, உருக்கமாக எழுதிய பெரிய கோரிக்கையை முந்திக்கொள்ளும். நிதி கேட்கும் வேலையில் நான் கற்றுக்கொண்ட முதன்மையான பாடம் இதுதான்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். மலையில் வெறுமையாகக் கிடக்கும் இடமெல்லாம் புறம்போக்கு ஆகிவிடாது. காப்புக்காடாக இருக்கலாம், தோட்டத்துக்காரரின் பட்டாவாக இருக்கலாம், வருவாய்த் துறையின் தரிசாகவும் இருக்கலாம். விஏஓவிடம் சர்வே எண்ணைக் கேட்டு, ‘அ’ பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் கையில் வாங்கிய பிறகே மனுவின் முதல் வரியை எழுத வேண்டும். மலைப் பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் அந்தக் கிராமம் வருகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. காட்டு நிலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, சமுதாயக் கூடம் என 13 வகைத் தேவைகளுக்கு ஒதுக்க வழி செய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் விளையாட்டுத் திடல் இல்லை. ஆகவே மலைச்சரிவில் திடல் கேட்பவர்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயோ ஊராட்சியின் பெயரில் உள்ள இடத்திலோ கேட்பதுதான் நடக்கிற காரியம். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் நிலம் வாங்க முடியாது என்பதையும் சேர்த்து யோசித்தால், நிலம் தீராத மனு ஏன் மேசையிலேயே தங்கிவிடுகிறது என்பது விளங்கும்.

அடுத்தது அளவு. சமவெளி ஊர்களைப் பார்த்துக் கால்பந்து மைதானம் கேட்பது இந்தச் சரிவுக்குப் பொருந்தாது. கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15, அதாவது ஏறத்தாழ 9 சென்ட். அதே தளத்தில் கபடிக்கும் கோடு போடலாம், சின்னப் பிள்ளைகள் ஓடிப்பிடித்தும் விளையாடலாம். இந்த 9 சென்ட்டே மலையில் எளிதாகக் கிடைப்பதில்லை. நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் 15 மீட்டர் அகலத் தளம் அமைக்க வேண்டுமானால், மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 3.75 மீட்டர் உயர வித்தியாசம் வரும். மேலே பாதியை வெட்டிக் கீழே பாதியை நிரப்பினாலும் கீழ்ப்பக்கம் ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். அந்தச் சுவரில் நீர்க்கசிவுத் துளைகளும், மேல் ஓரத்தில் மழைநீரைத் திருப்பிவிடும் வடிகாலும் இல்லாவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் தளமே சரிந்து போகலாம். மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலையில் மண் சரிவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மலையில் செலவின் பெரும்பகுதி சுவருக்கும் வடிகாலுக்கும்தான். ஊஞ்சல், சறுக்கு, கம்பம் எல்லாம் அதற்குப் பிறகு. இவற்றை மட்டும் கணக்கிட்டுத் தொகை கேட்டால், பணம் கிடைத்தும் வேலை பாதியில் நிற்கும். ஒன்றியப் பொறியாளரை இடத்துக்கு அழைத்துவந்து காட்டி மதிப்பீடு வாங்குவது அதனால்தான் முக்கியம்.

மதிப்பீடு கையில் இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெளிவாகும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விளையாட்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை. பந்தும் வலையும் வாங்க அது போதும், சுவர் கட்டப் போதாது. கட்டுமானத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயுள்ள சட்டமன்ற உறுப்பினர் நிதியும், 5 கோடியுள்ள நாடாளுமன்ற உறுப்பினர் நிதியும் உண்டு. ஆனால் தொகுதி முழுவதும் அவற்றுக்குப் போட்டி போடுகிறது. பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பலரும் நம்புகிறார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்பனையோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனத்துக்குத்தான் அந்தக் கடமை. ஏலக்காய் ஏலம் நடக்கும் போடியில் பணப்புழக்கம் உண்டு என்றாலும், அது பெரும்பாலும் தனி வியாபாரிகளிடமும் சிறு தோட்டக்காரர்களிடமும் இருக்கிறது. அவர்களை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவர்களுக்குப் பொருத்தமான வழிகள் இரண்டு. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டம் ஒன்று. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ இன்னொன்று. முன்னாள் மாணவர்களையும் ஏலக்காய் வியாபாரிகளையும் நேரில் பார்த்து, பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீட்டைக் காட்டிக் கேட்டால் பேச்சு தொகையைப் பற்றியதாக மாறும்.

மூன்றாவது விடை, பொறுப்பு. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகள்தோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைக்க முனைந்தது. 2024இல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்புகள் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டன. பொருள் வந்து சேர்ந்த பல ஊர்களில், சாவி யாரிடம், புல் வெட்டுவது யார், உடைந்த வலையை மாற்றுவது யார் என்று முடிவாகாததால் கம்பம் துருவேறிப் புதர் மண்டியது. நிதி தருபவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் நாடாளுமன்ற உறுப்பினர் நிதிக்கான வழிகாட்டு நெறிகள், பராமரிப்பை ஏற்கும் அமைப்பின் உறுதிமொழியை முன்கூட்டியே எதிர்பார்க்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது சட்டம் அந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலை. திடல் அந்தத் திட்டத்தில் இடம்பெற்று, மாலையில் திறந்து பூட்டுபவர் யார், ஆண்டுச் செலவு எந்தக் கணக்கிலிருந்து என்பது தீர்மானமாகி, அதே கோரிக்கை கிராம சபையிலும் நிறைவேறினால், மனுவுக்குப் பின்னால் ஊர் நிற்பது தெரியும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டுத் திடல் இருக்கும்போது, தோட்டக் கூலி வாங்கும் மக்கள் ஏன் பங்குத்தொகை கட்ட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பங்குத்தொகையைக் கூலிக்காரர்களிடம் வசூலிக்கக் கூடாது என்பதே என் கருத்தும். வசதியுள்ளவர்கள் அதைத் தர வேண்டும். அதோடு, அந்தச் சட்டப் பிரிவை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். உரிமையைச் சொல்வதும் பணத்துக்கு வழி காட்டுவதும் ஒன்றையொன்று கெடுக்காது. கழிப்பறையும் குடிநீரும் இல்லாத இடத்தில் திடல் எதற்கு என்பது இன்னொரு வாதம். கழிப்பறை இல்லையென்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இரண்டுக்கும் பணம் ஒரே தலைப்பிலிருந்து வருவதில்லை. திடலைக் கைவிட்டால் அந்தத் தொகை கழிப்பறைக்கு வந்து சேரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. சிறிதாகக் கேட்டால் சிறிதுதான் கிடைக்கும் என்பாரும் உண்டு. முடித்துக் காட்டிய ஓர் ஆடுகளமும், கணக்கு முடித்து வாங்கிய பயன்பாட்டுச் சான்றிதழும் அடுத்த மனுவின் வலுவான இணைப்புகள். இரண்டாவது தளத்தை அவற்றை வைத்துக் கேட்கலாம்.

இத்தனை காகிதங்களையும் தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரால் திரட்ட முடியாது, ஒரு நாள் அலுவலகத்துக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இந்தத் தடையைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், போடியில் கடை வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் ஆகியோர் கடன்பட்டிருப்பது இங்கேதான். நன்கொடை தர இயலாதவரும் புலப்படம் வாங்கித் தரலாம், யூனியன் ஆபீசில் மனு எண்ணைக் கேட்டு எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்த கூட்டத்துக்குள் சர்வே எண்ணும் மதிப்பீடும் பராமரிப்புத் தீர்மானமும் தயாராக இருக்கட்டும். பிள்ளைகளின் ஏக்கத்தை அதற்குப் பிறகு எழுதினால், அதைப் படிப்பவர் செயல்படவும் வழியிருக்கும்.