தெற்கு வாசலும் கணினியும்

நெல்லிக்குப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டட வரைபடத்தை மாட்டிவிட்டு நிற்கும்போது "இது ஏன் இப்படி?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். "சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டியது" என்று சொல்லிவிடாதே. அந்தப் பதில் ஏன் போதாது என்பதற்குக் குஜராத்தில் ஒரு கதை உண்டு.

1960-களின் தொடக்கத்தில் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற இளம் கட்டடக்கலைஞர் பாவ்ரா என்னும் கிராமத்தில் தங்கினார். 600 பேர் வாழும் ஓர் ஊரைத் திருத்தி அமைக்க என்னென்ன வேண்டும் என்று 141 தேவைகளைப் பட்டியலிட்டார். எது எதோடு பிணைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அவற்றைத் தொகுதிகளாகப் பிரிப்பதை ஐ.பி.எம். 7090 கணினிக்கென எழுதிய நிரல் பார்த்துக்கொண்டது. மாடு, வண்டி, எரிபொருள் ஒரு தொகுதி. பயிரும் பாசனமும் ஒன்று. ஊர்ப் பொதுவாழ்வு ஒன்று. வீட்டு வாழ்வு ஒன்று. 1964-இல் வந்த அவருடைய நூலில் பட்டியல் முழுவதும் இருக்கிறது.

அந்தப் பட்டியலின் முதல் வரி என்ன தெரியுமா? ஹரிஜனங்களை ஊர் தீண்டத்தகாதவர்களாகக் கருதுவது. மூன்றாவது வரி, வீட்டு வாசல் தெற்கு பார்க்கக் கூடாது என்ற விதி. கணினிக்குக் குடிநீரும் தீண்டாமையும் ஒரே மாதிரி வெறும் எண்கள்தான். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிக்கும் வரைபடத்துக்கும் இப்படிக் கணக்குச் சான்று வாங்கிவிட முடியும். இதுதான் கவலைக்குரிய இடம்.

ஆனால் தெற்கு விஷயத்தில் கணினி உனக்கு நல்ல துணை. நெல்லிக்குப்பம் ஏறத்தாழ 11.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குச் சன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் போட்டால் அப்போது சுமார் இரண்டே முக்கால் அடிக்கு நிழல் விழும். அதே சன்ஷேட்டை மேற்கில் போட்டுப் பார்: மாலை ஐந்து மணி வெயிலில் ஓரடி கூட மறைக்காது. 'தெற்கு ஆகாது' என்னும் வீட்டுக்காரரிடம் மாதவாரியாக நிழலைத் திரையில் ஓட்டிக் காட்டலாம். வாதம் பாதி முடிந்துவிடும்.

புதுச்சேரி கோல்கொண்டா விடுதியையும் பார்த்துவிட்டு வா. கணினி வருவதற்கு முன்பே, 1930-களில், கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் அதன் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தார்.

தம் நூலின் 1971 பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அலெக்சாண்டர், வடிவமைப்பு முறைகளைத் தனியொரு துறையாக வளர்ப்பதையே மறுத்தார். அந்த 141 வரிகளையும் ஒருமுறை படி. எந்தெந்த வரியைக் கணினியிடம் கொடுக்கவே மாட்டாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்