இறுக்கிப் பிடித்தால் இலக்குத் தப்பும்

துப்பாக்கி சுடுதல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர்கள் திரைப்படக் கதாநாயகர்கள்தாம். ஒரு கையில் துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டே பத்துப் பேரைச் சாய்த்துவிடுவார்கள். அந்த நினைப்போடு உண்மையான போட்டி அரங்குக்கு வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். அங்கே யாரும் ஓடுவதில்லை, உருளுவதில்லை. வரிசையாகச் சிலர் ஒரு கையை நீட்டியபடி சிலைபோல் நிற்பார்கள். 'டப்' என்று சிறிய ஓசை. பிறகு மீண்டும் அமைதி.

அந்த அமைதிக்குள் என்னதான் நடக்கிறது? பெரும்பகுதி உள்ளங்கைக்குள் நடக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டும், ஒரு தோல்வியும், வலியெடுத்த ஒரு முழங்கையும் தேவைப்பட்டன. பேரவையின் ஆண்டிதழில் இலக்கியம் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றை என் தம்பி தங்கையருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பட்டை வாங்கிய கர்வம்

தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியால் சுட்டு 'மார்க்ஸ்மன்' பட்டை வாங்கியவன் நான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் இணைப்பாட நடவடிக்கையாகத் துப்பாக்கி சுடும் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தபோது, 'இது நமக்குக் கைவந்த கலை' என்றுதான் எண்ணினேன். ஆனால், படையில் நான் பிடித்தது நீளத் துப்பாக்கி. அதை இரண்டு கைகள் தாங்கும், தோள் தாங்கும். மன்றத்தில் என்னிடம் கொடுக்கப்பட்டதோ காற்றுக் கைத்துப்பாக்கி. ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அதை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக்கூடாது என்பது விதி.

பத்து மீட்டர் தொலைவில் இலக்கு. அதன் நடுவே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. நம் சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். 60 குண்டுகள், 75 நிமிடம், முழுமதிப்பெண் 600. (முன்பு பெண்களுக்கு 40 குண்டுகள்தாம், 2018 முதல் அவர்களுக்கும் 60.)

முதல் ஆண்டு இறுதியில் அணித்தேர்வு நடந்தது. நான் எடுத்தது 512. மூன்று புள்ளிகளில் இடம் பறிபோனது. என் குண்டுகளில் பாதிக்கு மேல் இலக்கின் இடப்புறம் கீழே போய் விழுந்திருந்தன. 'கையில் பலம் போதவில்லை' என்று நானே முடிவு கட்டினேன். சுருள்கம்பி வைத்த கைப்பிடிக் கருவி ஒன்றை வாங்கி, பேருந்திலும் விரிவுரையிலும் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். துப்பாக்கியையும் முன்னிலும் இறுக்கிப் பிடித்தேன். இரண்டே மாதத்தில் முழங்கையின் வெளிப்புறத்தில் வலி. தண்ணீர்க் குவளையைத் தூக்கினாலும் வலித்தது. முன்கைத் தசைநாரில் பாதிப்பு என்று கூறிய மருத்துவர், ஆறு வாரம் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றார். மன்றத்தை விட்டே விலகிவிடலாமா என்று எண்ணிய நாள்கள் அவை.

அக்கா சொன்ன பாடம்

மன்றத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா இருந்தார். நம் பேரவையிலும் உறுப்பினர். என் கையில் பாதிதான் இருக்கும் அவருடைய கை. ஆனால், 560-க்குக் குறையாமல் சுடுவார். ஒருநாள் அரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"துப்பாக்கி என்ன ஓடியா போயிடப் போகுது தம்பி? ஏன் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிற?" என்றார்.

"இறுக்கமா பிடிச்சாதானே அக்கா ஆடாம இருக்கும்?"

"ஆடட்டுமே. எல்லாருக்கும் ஆடும். எனக்கும் ஆடுது. எப்படி ஆடுதுங்கிறதுதான் கேள்வி," என்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் படம் வரைந்து கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்குதான் என் கண்ணைத் திறந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

கைத்துப்பாக்கியின் பின்பக்கத்தில் பள்ளம் வெட்டிய பின்குறி இருக்கும். முன்முனையில் தூண்போன்ற முன்குறி இருக்கும். முன்குறி பள்ளத்தின் நடுவில், இருபக்கமும் சமமான வெளிச்சத்தோடு, மேல்விளிம்புகள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையே 350 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம்.

குறிகள் நேராக இருக்க, கை முழுவதும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். அது இன்னமும் பத்துப் புள்ளிதான்! ஆனால், மணிக்கட்டோ விரலோ திருகி, முன்குறி 1 மில்லிமீட்டர் மட்டும் பள்ளத்தின் நடுவிலிருந்து விலகினால்? பத்து மீட்டர் தொலைவில் அந்தப் பிழை ஏறக்குறைய 28 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். பத்து, ஏழாகிவிடும்.

ஆக, கை ஆடுவது சிறிய குற்றம். கைக்குள் துப்பாக்கி திரும்புவது பெரிய குற்றம். நான் சிறிய குற்றத்தை அடக்க இறுக்கிப் பிடித்து, பெரிய குற்றத்தைச் செய்துகொண்டிருந்தேன். பிடியின் வேலை, 60 முறையும் துப்பாக்கி ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் கையில் அமர்வதைப் பார்த்துக்கொள்வதே.

பிடிக்கும் முறை

இனி, நான் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். வலக்கையால் சுடுவோருக்கு ஏற்றபடி எழுதியிருக்கிறேன், இடக்கையர் மாற்றிக்கொள்ளவும்.

1. துப்பாக்கியை இடக்கையால் எடுத்து வலக்கையில் பொருத்துங்கள். வலக்கையாலேயே மேசையிலிருந்து அள்ளி எடுத்தால் பிடி ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக அமையும்.

2. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வளைவு, கைப்பிடியின் மேற்பகுதியில் இடைவெளியின்றி எவ்வளவு உயரத்தில் பொருந்துமோ அவ்வளவு உயரத்தில் பொருந்தட்டும். மேலிருந்து பார்த்தால் துப்பாக்கிக் குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

3. அழுத்தம் தருபவை நடுவிரலும் மோதிரவிரலும். அவை கைப்பிடியை நேராகப் பின்னோக்கி, உள்ளங்கையை நோக்கி இழுக்க வேண்டும். பக்கவாட்டில் பிசையக்கூடாது.

4. சுண்டுவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். அது இறுகினால் துப்பாக்கியின் மூக்கு கீழே சாயும்.

5. பெருவிரலும் அப்படியே. அது அழுத்தினால் குழல் பக்கவாட்டில் திரும்பும். "ஏகலைவன் மாதிரி பெருவிரலே இல்லைன்னு நினைச்சுக்கோ" என்பார் அக்கா.

6. சுட்டுவிரல் விசையை மட்டுமே தொட வேண்டும். கைப்பிடியின் பக்கத்தில் உரசக்கூடாது. விரலின் முதற்கணு, விசையை நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும்.

7. மணிக்கட்டு பூட்டியதுபோல் உறுதியாக இருக்கட்டும். தோளும் கழுத்தும் தளர்வாக இருக்கட்டும்.

எவ்வளவு இறுக்கம்?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. துப்பாக்கியை நீட்டி, முன்குறி நடுங்கும்வரை மெல்ல மெல்ல இறுக்குங்கள். பிறகு நடுக்கம் நிற்கும்வரை மெல்லத் தளர்த்துங்கள். நின்ற இடமே உங்கள் அளவு. நல்ல நண்பரோடு கைகுலுக்குவதை விடச் சற்று உறுதியான பிடி என்று சொல்லலாம்.

அளவைக் கண்டுபிடிப்பது எளிது, காப்பாற்றுவதுதான் கடினம். சுட்டுவிரல் மடங்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுவது கையின் இயல்பு. விசையை அழுத்தக் குறைந்தது அரைக் கிலோ விசைப்பளு வேண்டும் என்பது காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியின் விதி. அந்த அரைக் கிலோவைச் சுட்டுவிரல் கொடுக்கும் நேரத்தில் மற்ற மூன்று விரல்களும் உதவிக்கு ஓடி வந்தால் துப்பாக்கி இடப்புறம் கீழே சாய்ந்துவிடும். என் குண்டுகள் அங்கே போய் விழுந்த காரணம் இதுவே. பலம் போதாமல் அன்று. வேண்டாத விரல்கள் வேலை செய்ததால்!

கண்ணை மூடிச் சோதித்தல்

பிடி சரியா என்பதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. அரங்கில், குண்டு போடாத துப்பாக்கியை இலக்கை நோக்கி உயர்த்துங்கள். கண்களை மூடி இரண்டு முறை மூச்சு விடுங்கள். கண்ணைத் திறந்ததும் முன்குறி பள்ளத்தின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்புறம் ஒதுங்கியிருந்தால், துப்பாக்கியைக் கைக்குள் சற்றே வலப்புறம் திருப்பி மீண்டும் பொருத்துங்கள். மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்யாதீர்கள். வளைத்த மணிக்கட்டு, விசை அழுந்தும் நேரத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

எத்தனை முறை மாற்றினாலும் குறி ஒதுங்கியே நின்றால், குறை கையில் இல்லை, கைப்பிடியில் இருக்கிறது. மன்றத்தின் பொதுத் துப்பாக்கிகளின் கைப்பிடிகள் பெரும்பாலும் பெரிய கைகளுக்கு ஏற்றவை. அக்கா தம் மரக் கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தும், குழிவான இடங்களில் மரப்பசை பூசியும் தமக்கேற்றபடி மாற்றியிருந்தார். கைப்பிடி கையைச் சுற்றி வளைத்துக்கொள்ளக்கூடாது, துப்பாக்கி முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்னும் விதிகளை மட்டும் மறக்கக்கூடாது. பொதுத் துப்பாக்கியில் கைவைக்கும் முன் பயிற்றுநரின் அனுமதியும் தேவை.

பயிற்சிகள்

சிங்கப்பூரில் துப்பாக்கியை நம் விருப்பம்போல் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. சட்டம் மிகக் கடுமையானது. எனவே பயிற்சியை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்.

வீட்டில்: ஒரு சிறு துண்டைச் சுருட்டி, கைப்பிடியைப் போல் பிடித்துக்கொள்வேன். நடுவிரலும் மோதிரவிரலும் ஒரே அழுத்தத்தில் இருக்க, சுட்டுவிரலை மட்டும் மெல்ல மடக்கி நீட்டுவேன். நாளுக்கு ஐந்து நிமிடம். எளிதாகத் தோன்றும், செய்து பாருங்கள், மற்ற விரல்கள் கூடவே துடிப்பது தெரியும். ஆறு வார ஓய்வு முடிந்து வலி நீங்கிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நீட்டிய கையில் 20 விநாடி தாங்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டேன்.

அரங்கில்: குண்டில்லாமல் வெறும் விசையை அழுத்தும் பயிற்சி. இலக்கைத் திருப்பி, வெறும் வெள்ளைத் தாளை நோக்கியே அழுத்த வேண்டும். கறுப்பு வட்டம் இல்லாததால் கண் குறிகளை மட்டுமே பார்க்கும். விசை விடுபடும் கணத்தில் முன்குறி துள்ளினால், எந்த விரலோ குறுக்கிட்டுவிட்டது என்று பொருள். குண்டறை காலியா என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

ஓய்வு நாள்களில் அக்கா சொன்ன ஒரு வரலாறும் எனக்குத் தெம்பூட்டியது. ஹங்கேரி வீரர் காரோலி டகாச்சின் வலக்கை, 1938-இல் படைப்பயிற்சியின்போது வெடித்த எறிகுண்டால் சிதைந்தது. அவர் இடக்கையால் பிடிக்கவும் சுடவும் முதலிலிருந்து கற்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். கை என்பது கற்பித்தால் கற்றுக்கொள்ளும் மாணவன் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இறக்கி வைக்கத் தெரிய வேண்டும்

மறுஆண்டு தேர்வு. கடைசிக் குண்டு மட்டும் மீதி. நான்கு நிமிடம் இருந்தது. துப்பாக்கியை உயர்த்தியதுமே சுண்டுவிரல் இறுகுவதை உணர்ந்தேன். பழைய நானாக இருந்திருந்தால் அப்படியே அழுத்தியிருப்பேன். கையை இறக்கினேன். இடக்கையால் துப்பாக்கியை எடுத்து, உள்ளங்கையைத் துடைத்து, மீண்டும் பொருத்தி உயர்த்தினேன். மறுபடியும் இறுக்கம். மறுபடியும் இறக்கினேன். பின்னால் இருந்தவர்கள் பதறியிருப்பார்கள். மூன்றாவது முறை பிடி தானாக அமைந்தது. விசை விடுபட்டதே தெரியவில்லை.

விழுந்தது ஒன்பது. மொத்தம் 541. அணியின் கடைசி இடம், இரண்டு புள்ளி வித்தியாசத்தில், எனக்குக் கிடைத்தது. இரண்டாவது முறையே அவசரப்பட்டு அழுத்தியிருந்தால் அந்த இடம் யாருக்குப் போயிருக்கும் என்று இப்போதும் சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் நம் சிங்கப்பூரின் தியோ ஷுன் சியே பெண்களுக்கான பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர், தனிநபர் பிரிவிலும் கலப்பு இரட்டையரிலும் இரண்டு வெண்கலம் வென்றார். இந்த விளையாட்டுக்கு உயரமோ பருமனோ தடையில்லை. நம் மாணவர்கள், குறிப்பாகத் தங்கையர், 'இது நமக்கு ஆகாது' என்று ஒதுங்க வேண்டியதில்லை. பொறுமையாகப் பிடிக்கவும், சரியில்லை என்றால் வெட்கப்படாமல் இறக்கி வைத்து மீண்டும் தொடங்கவும் தெரிந்தால் போதும்.

அடுத்த கல்வியாண்டில் மன்றத்தின் அறிமுக நாளுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். வரும்போது சுருள்கம்பிக் கருவியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்!