அல்பேனியாவின் இரயில் பாதை கற்பிக்கும் பாடம்

ஓர் இரயில் பாதை திறக்கப்பட்ட நாளோடு அதற்கான உழைப்பு முடிந்துவிடுவதில்லை. அதனைப் பேணிக் காக்கும் உழைப்பு அன்றுதான் தொடங்குகிறது. இவ்வுண்மையை நாம் நன்கு உணர, ஐரோப்பாவின் தென்கிழக்கே பால்கன் தீபகற்பத்தில் உள்ள அல்பேனியா என்னும் சிறிய நாட்டின் வரலாறு துணை செய்யும்.

அல்பேனியாவின் பரப்பளவு 28,748 சதுர கிலோமீட்டர். நமது பகாங் மாநிலத்தைவிட அது சிறியது. அதன் மேற்கே அட்ரியாட்டிக் கடல் உள்ளது. உள்நாட்டின் பெரும்பகுதி மலைப்பாங்கானது. முதல் உலகப் போரின்போது அந்நியப் படையினர் போட்ட சிறு பாதைகள் நிலைக்கவில்லை. ஆகவே, 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபொழுது, மக்கள் பயணம் செய்வதற்கு அந்நாட்டில் இரயில் பாதையே இருக்கவில்லை.

இளைஞர்களின் உழைப்பு

போருக்குப் பின் அன்வர் ஹோஜா தலைமையில் அமைந்த கம்யூனிஸ்டு அரசாங்கம் இரயில் பாதை அமைக்க முற்பட்டது. துர்ரஸ் துறைமுகத்திலிருந்து பெச்சின் நகர் வரை 43 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்பாதை 1947-இல் திறக்கப்பட்டது. துர்ரஸையும் தலைநகர் தீரானாவையும் இணைக்கும் 38 கிலோமீட்டர் பாதை 1949-இல் முடிவுற்றது.

இப்பாதைகளை அமைத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்களும் மாணவர்களுமே ஆவர். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு அவர்கள் மேட்டை வெட்டினர், பள்ளத்தை நிரப்பினர். அரசாங்கம் இதனைத் தொண்டு என்று அழைத்தது. ஆயினும், வர இயலாது என்று மறுத்துக் கூறும் உரிமை அவர்களுள் பலருக்கு இருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் பொதுமக்கள் சொந்தக் கார் வைத்திருக்க அனுமதி இல்லை. ஆதலால் தொழிலாளரும் மாணவரும் உழவரும் இரயிலையே நம்பியிருந்தனர். பிரெனியாஸ் சுரங்கத்தின் தாதுப்பொருள் இரயில் மூலமாகவே எல்பாசான் உருக்காலையைச் சென்றடைந்தது. பாதை 1981-இல் வடக்கே ஷ்கோதர் நகரையும், 1985-இல் தெற்கே விலோரா நகரையும் எட்டியது. 1986-இல் அண்டை நாடான யூகோஸ்லாவியாவோடு இணைப்பு ஏற்பட்டது. அவ்வழியே சரக்கு வண்டிகள் மட்டுமே சென்றன.

தளர்ச்சியின் காரணங்கள்

1990-களின் தொடக்கத்தில் பழைய ஆட்சி மறைந்தது. ஆலைகள் பல மூடப்பட்டன, சரக்கு குறைந்தது. மக்கள் கார்களையும் பேருந்துகளையும் நாடினர். குழப்பம் மிகுந்த அந்நாட்களில் இரயில்வேயின் சாதனங்கள் சூறையாடப்பட்டன. கல்வீச்சினால் வண்டிகளின் சன்னல்கள் உடைந்தன.

இரயில் பாதை எவ்வாறு கெடுகிறது என்பதை இங்கு நாம் காண்போம். தண்டவாளத்தின் கீழ் சிலிப்பர் கட்டைகளும், அவற்றின் கீழ் சரளைக் கற்களும் உள்ளன. மழை நீர் வடிந்தோடச் சரளை உதவுகிறது. வடிகால் அடைபட்டால் மண் இளகும், கட்டைகள் அசையும், ஆணிகள் தளரும். அத்தகைய பாதையில் வண்டியை மெதுவாகவே ஓட்ட இயலும். வண்டி மெதுவாகச் செல்லச் செல்லப் பயணிகள் குறைவர், வருவாயும் குறையும். வருவாய் குறைந்தால் பழுது பார்க்கப் பணம் இராது. அல்பேனியா இச்சுழலில் சிக்கிக்கொண்டது. 38 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க இரயிலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேவைப்பட்டது.

2013-இல் நகரின் பெருஞ்சாலையை நீட்டிக்கும் பொருட்டுத் தீரானா இரயில் நிலையம் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. ஒரு நாட்டின் தலைநகரே இரயில் நிலையத்தை இழந்தது. அதன்பின் இரயிலில் வந்தோர் நகருக்கு வெளியே இறங்கி, வேறு வண்டியில் ஏறி உள்ளே செல்ல நேர்ந்தது.

மீண்டும் ஒரு தொடக்கம்

துர்ரஸ் - தீரானா பாதையைப் புதுப்பித்து, விமான நிலையத்திற்கும் ஒரு கிளைப்பாதை அமைக்கும் பணிகள் 2020-களில் தொடங்கப்பட்டன. ஐரோப்பியப் புனரமைப்பு, மேம்பாட்டு வங்கி இதற்குக் கடனுதவி அளித்தது. முன்னர் இளைஞர்களின் கைகள் அமைத்த பாதையைப் பெரும் பொருட்செலவில் மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று.

அடைபட்ட வடிகாலை அன்றே துப்புரவு செய்வதற்குச் சில மணி நேர உழைப்புப் போதும். விட்டுவிட்டால் பாதையே போய்விடும். நமது தோட்டத்துச் சாலைக்கும், குடிநீர்க் குழாய்க்கும், பொது மண்டபத்திற்கும் இப்பாடம் பொருந்தும். பிறர் உழைப்பால் கிடைத்த பொதுப் பொருளைப் பேணுவதே அவ்வுழைப்பிற்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.