சிப் தெரியும் என்று சொல்வதற்கு முன்

தோணிரேவிலிருந்து பொன்னேரி வந்து ரயிலேறி, சென்னையில் இணையத் தொலைபேசி அமைப்புகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு இது. பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் மூடும். போன வருடம் ஓடிய வழிதானே என்று உங்கள் அப்பா படகை விட மாட்டார். தொழில்நுட்ப ஆவணத்திடமும் அதே எச்சரிக்கை வேண்டும்.

அழைப்பைத் தொடங்குவதும் முடிப்பதும் சிப் நெறிமுறையின் வேலை. அதை வரையறுக்கும் இணைய ஆவணங்களில், 1999 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2543-ஐ, 2002 ஜூனில் வந்த 3261 செல்லாததாக்கிவிட்டது. புதியது 269 பக்கம். 12, 17 ஆகிய பிரிவுகளையாவது நேர்காணலுக்கு முன் படியுங்கள். பிணையப் போக்குவரத்தைப் பதிவு செய்யும் வயர்ஷார்க்கில் அழைப்பைப் பிடித்து, சிப் செய்தியின் வயா வரியில் உள்ள பிராஞ்ச் மதிப்பைப் பாருங்கள். இசட்9எச்ஜி4பிகே என்று தொடங்கினால் எதிர்முனை 3261-ஐப் பின்பற்றுகிறது.

அதிகம் சிக்கவைப்பவை வரைவுகள். இணையத் தரநிலைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் வரைவு ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம்தான் ஆயுள். அழைப்பவரின் எண்ணைச் சொல்லும் 'ரிமோட்-பார்ட்டி-ஐடி' தலைப்பு வரி அப்படியொரு வரைவோடு நின்றுபோனது. ஆர்எஃப்சி ஆகவே இல்லை. ஆனால் அதற்குள் நிறுவனங்கள் அதைக் கருவிகளில் சேர்த்துவிட்டன. அதே வேலைக்கு 2002 நவம்பரில் ஆர்எஃப்சி 3325 'பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி'யைத் தந்தது. ஒரு முனை பழையதை அனுப்ப, மறுமுனை புதியதை மட்டும் படித்தால், மணி அடிக்கும். அழைப்பவர் எண் தவறாக வரும், அல்லது வராது. வாடிக்கையாளர் திட்டுவது உங்களைத்தான். இந்த 3325-கூட தகவலுக்கான ஆவணம்தான், ஒன்றையொன்று நம்பும் பிணையங்களுக்குள் மட்டுமே பொருந்தும். ஆர்எஃப்சி எண் இருப்பதாலேயே எதுவும் தரநிலை ஆகிவிடாது.

மென்பொருளிலும் இதே கதை. ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளைப் பழகுபவர்கள் இன்னமும் சிப்.கான்ஃப் கோப்பை வைத்துக் கற்கிறார்கள். அதைப் படிக்கும் சான்_சிப் 2023-இல் வந்த 21ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக உள்ள பிஜெசிப்பில் தொடங்குங்கள்.

எந்த ஆர்எஃப்சியையும் மேற்கோள் காட்டுவதற்கு முன், ஆர்எஃப்சி எடிட்டர் தளத்தில் அதன் எண்ணைத் தேடுங்கள். 'அப்சலீட்டட் பை', 'அப்டேட்டட் பை', 'எர்ராட்டா' மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரே நிமிட வேலை.

பழைய கருவியை மாற்றப் பணமில்லை என்று மேலாளர் சொல்லக்கூடும். அது நியாயமான காரணம்தான். அப்போது எந்தத் தலைப்பு வரி எந்த வரைவிலிருந்து வந்தது, அதை எதற்காக வைத்திருக்கிறோம், எந்தக் கருவி போனதும் எடுத்துவிடலாம் என்பதை அமைப்புக் கோப்பிலேயே குறிப்பாக எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.