தோலில் தெரியும் அறிகுறி

கொழுந்து மலையில் அட்டைக்கடி, சொறி, படை எல்லாம் நமக்குப் பழகின சங்கதி. அதையெல்லாம் எய்ட்ஸ் என்று நினைச்சுப் பயப்பட வேண்டாம். ஆனால் எச்.ஐ.வி. கிருமி தொற்றி இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை நோவோடு நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த பொரிகள் கிளம்பும். பொரி தானாக மறையும். கிருமி மறையாது.

பிறகு பல வருஷம் ஒன்றும் தெரியாமலே போகலாம். எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கி வரும். வயசானவர்களுக்கு அக்கி வருவது சாதாரணம். இளவயசில் வந்தால், அதுவும் திரும்பத் திரும்ப வந்தால், காவி எழுதிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. வாயில் தயிர் படிந்த மாதிரி வெள்ளை, மாதக்கணக்கில் அரிக்கும் பருக்கள், இவையும் கவனிக்க வேண்டியவை.

தோலை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது, டாக்டரும்தான். இரத்தப் பரிசோதனை வேண்டும். கண்டி, நுவரெலியா, பதுளை அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம், இரகசியம். தொற்றின புதிதில் சோதித்தால் சிலவேளை தெரியாது. சொல்கிற நாளில் மறுபடி போங்கள். 2004 முதல் மருந்தும் இலவசம். தினமும் குடித்தால் வழக்கம்போல் வேலைக்குப் போகலாம்.

லயத்தில் ஒருவருக்குப் பொரி என்றதும் அவர் கோப்பையை ஒதுக்கி வைக்கிறார்களே, அது வீண்வேலை. சேர்ந்து சாப்பிடுவதால் எச்.ஐ.வி. தொற்றாது.