வெளிநாட்டுப் படிப்பு: நாட்டுக்கு முன்னால் பாடத்திட்டத்தைப் பாருங்கள்

இரண்டாம் பி.யூ.சி. முடிக்கப்போகும் பிள்ளையோ, பி.இ. கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளையோ உள்ள பெங்களூர் வீடுகளில், வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிய பேச்சு “எந்த நாடு?” என்றுதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் சித்தப்பா மகன் இருக்கிறான், ஜெர்மனியில் ஃபீஸே இல்லையாம், லண்டன் என்றால் ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்று பேச்சு வளர்ந்து, கடைசியில்தான் “என்ன படிக்கிறே?” என்ற கேள்வி வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும். முதலில் படிப்பு, அடுத்து பல்கலைக்கழகம், அதற்குப் பிறகே நாடு.

காரணம் எளிது. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் வசதியை பிரிட்டன் 2012-இல் எடுத்துவிட்டது. 2021-இல் ‘கிராஜுவேட் ரூட்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளாகத் திரும்பக் கொடுத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்தது. நம் மாணவர்கள் பெரிதும் நம்பியிருந்த எஸ்.டி.எஸ். என்ற விரைவு விசா வழியை அதே ஆண்டு நவம்பரில் மூடியது. அமெரிக்கா 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. அட்மிஷன் வாங்கும் நாளில் இருக்கும் விதி, பட்டம் வாங்கும் நாளில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விசாவை நம்பி நாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதன்பின் கையில் நிற்பது படித்த படிப்பு மட்டும்தான்.

ஒரே பெயர், மூன்று படிப்பு

டேட்டா சயின்ஸ் முதுகலையையே எடுத்துக்கொள்வோம். பெங்களூர் இன்ஜினியரிங் மாணவர்கள் அதிகம் கேட்கும் படிப்புகளில் அதுவும் ஒன்று.

பிரிட்டனில் எம்.எஸ்சி. பெரும்பாலும் 12 மாதம், 180 கிரெடிட். அதில் பொதுவாக 60 கிரெடிட் ஆய்வேட்டுக்குப் போய்விடும். செப்டம்பரில் போய் இறங்குகிறீர்கள். பெரிய நிறுவனங்களின் பட்டதாரி வேலைக்கான விண்ணப்பங்கள் அந்த இலையுதிர்காலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதாவது, முதல் தேர்வின் மதிப்பெண் வருவதற்கு முன்னாலேயே நீங்கள் வேலைக்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் எலக்ட்ரானிக் சிட்டியிலோ மான்யதா டெக் பார்க்கிலோ வேலை பார்த்தவருக்கு இது ஒத்துவரும். காட்டுவதற்கு அவரிடம் அனுபவம் இருக்கிறது. பி.இ. முடித்த கையோடு போகும் பிள்ளைக்கு இந்த வேகம் கொடுமை. அப்படிப்பட்டவர்கள் ‘பிளேஸ்மென்ட் இயர்’ சேர்ந்த இரண்டு வருடப் படிப்பு இருக்கிறதா என்று தேடவேண்டும். அதிலும், அந்த பிளேஸ்மென்ட்டைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்து தருகிறதா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்பதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பதில் இரண்டாவதாகவே இருக்கும்.

ஜெர்மனியில் அதே எம்.எஸ்சி. பெரும்பாலும் 120 கிரெடிட், இரண்டு வருடம். கடைசி செமஸ்டர் முழுக்க ஆய்வேடு. அதை ஒரு கம்பெனியில் இருந்துகொண்டே செய்வதும் வழக்கம். கணக்கு ஆழமாக வரும். படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும், வகுப்புக்கு வெளியே வேலைக்கு ஜெர்மன் வேண்டும். இந்திராநகர் சி.எம்.எச். ரோட்டில் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பு நடக்கிறது. போவதற்கு முன்பே மொழியில் பி1 நிலை வரை முடித்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் எம்.எஸ். சுமார் 30 கிரெடிட், ஒன்றரை முதல் இரண்டு வருடம். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இங்கேதான் மிக அதிகம். தடம் மாறிவிடும் ஆபத்தும் அதனால் இங்கேதான் அதிகம்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் சி.ஐ.பி. குறியீடு. படிப்பு ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வருகிறதா இல்லையா என்பதைப் படிப்பின் பெயர் சொல்லாது, இந்த எண்தான் சொல்லும். பிசினஸ் அனலிடிக்ஸ் 30.7102 என்று இருந்தால் ஸ்டெம், 52.1301 என்று இருந்தாலும் ஸ்டெம். சாதாரண பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் 52.0201 என்றால் இல்லை. ஸ்டெம் என்றால் படிப்புக்குப் பின் 12 மாத ஓ.பி.டி. வேலை அனுமதியோடு மேலும் 24 மாதம் கேட்கலாம். இல்லையென்றால் 12 மாதம்தான். ஒரே மாதிரி விளம்பரம், ஒரே அளவு ஃபீஸ், கிட்டத்தட்ட ஒரே பாடங்கள் என்றிருக்கும் இரண்டு படிப்புகளில் ஒன்று மூன்று வருடமும் இன்னொன்று ஒரு வருடமும் தருவது இந்த எண்ணால்தான். ஐ-20 வரும்வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

பி.யூ.சி. முடித்தவுடன் போகலாமா?

ஜெர்மனியில் இளநிலைப் படிப்பு என்றால், பி.யூ.சி. மட்டும் இருந்தால் பொதுவாக நேரடி இடம் கிடைக்காது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்கவேண்டும், அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் அதே துறையில் ஒரு வருடம் படித்துத் தேறியிருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் ‘ஸ்டுடியன்கொலெக்’ என்ற ஆயத்த வருடத்தின் வழியாகப் போகவேண்டியிருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். இதைச் சொல்லாமல் “பன்னிரண்டாவது போதும், ஆங்கிலத்திலேயே படிக்கலாம்” என்று யாராவது சொன்னால், அநேகமாக அவர் காட்டுவது ஃபீஸ் வாங்கும் தனியார் பல்கலைக்கழகமாக இருக்கும்.

ஃபீஸ் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து அப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கட்டணம் வைத்திருக்கிறது. விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, அதாவது மாதம் 992. அதற்கு மேல், கல்வி ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம்.

மூன்று வருடப் பட்டத்துக்காரர்களுக்குக் கர்நாடகத்திலேயே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 2021-22-இல் இங்கே நான்கு வருட ஆனர்ஸ் வந்தது. 2024-25-இலிருந்து மாநில அரசு மீண்டும் மூன்று வருடத்துக்கே திரும்பிவிட்டது. பி.காம்., பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவருக்கு பிரிட்டனில் மூன்று வருடப் பட்டம் தடையே இல்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடக் கல்வி கேட்கும்; சில கேட்காது. ஜெர்மனியில் படிப்புக்குப் படிப்பு முடிவு மாறும். ஆகவே, இப்போது மூன்று வருட இளநிலையில் சேரப்போகும் பிள்ளை பின்னால் அமெரிக்க முதுகலையை நினைத்திருந்தால், நான்கு வருடப் பட்டம் தரும் கல்லூரியை இப்போதே தேடுவது புத்திசாலித்தனம்.

ஊரை விட்டுப் போகாமலே

2023 நவம்பரில் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிமுறைகளின் கீழ் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே வளாகம் திறக்கலாம். சவுத்தாம்ப்டன் 2025-இல் குருகிராமில் தொடங்கிவிட்டது. லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்கு 2025 மே மாதம் பெங்களூருக்கான அனுமதிக் கடிதம் கிடைத்தது. 2026 ஆகஸ்டில் வகுப்புகள் என்று அறிவித்திருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ், அக்கவுன்டிங், பிசினஸ் மேனேஜ்மென்ட், பயோமெடிக்கல் சயின்சஸ், கேம் டிசைன் ஆகியவை முதல் பட்டியலில் சொல்லப்பட்டவை. லாங்கஸ்டர் பல்கலைக்கழகத்துக்கும் 2025 அக்டோபரில் இதே ஊருக்கு அனுமதி தரப்பட்டது.

இந்த வளாகங்கள் தரும் பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். இந்தியாவில் அதற்குச் சமநிலைச் சான்று தனியாக வாங்கவேண்டியதில்லை. ஆனால் பிரிட்டனில் மாணவர் விசாவில் இருந்து படித்தவருக்குத்தான் கிராஜுவேட் ரூட். பெங்களூரிலேயே படித்து முடித்தவருக்கு அது கிடையாது. லண்டனில் வேலை என்பது கனவானால் இந்த வழி உதவாது. நல்ல பாடத்திட்டம் வேண்டும், வீட்டிலிருந்தே படிக்கவேண்டும், ஃபீஸ் தாங்கும் என்றால் யோசிக்கலாம். எனக்கு ஒரு தயக்கம் உண்டு: முதல் இரண்டு மூன்று வருட மாணவர்களுக்கு முன்னால் போன சீனியர் யாரும் இல்லை. ஆசிரியர்களில் எத்தனை பேர் முழுநேரம், எத்தனை பேர் வந்து போகிறவர்கள் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். கேம் டிசைன் போன்ற படிப்புக்கு ஆய்வகத்தை நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

இதற்கும் முழு வெளிநாட்டுக்கும் நடுவில் ட்வின்னிங், கூட்டுப்பட்டம், இரட்டைப்பட்டம் என்று மூன்று இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி ட்வின்னிங்கில் வெளிநாட்டில் படிப்பது அதிகபட்சம் 30 சதவீதக் கிரெடிட். பட்டம் இந்தியக் கல்லூரியுடையது. கூட்டுப்பட்டத்தில் இரு பக்கமும் குறைந்தது 30 சதவீதம். கல்லூரி புரோஷரில் “இன்டர்நேஷனல் புரோகிராம்” என்று மட்டும் போட்டிருந்தால், மூன்றில் எது, பட்டச் சான்றிதழில் யார் கையெழுத்து என்று கேளுங்கள். பதில் வழுக்கினால் விட்டுவிடுங்கள்.

பலர் கண்டுகொள்ளாத வழி எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர். ஐ.ஐ.எம். பெங்களூரில் இரண்டாம் வருடத்தில் ஒரு டெர்ம் வெளிநாடு போவது பழக்கமான விஷயம். இளநிலை தரும் சில தனியார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஃபீஸ் இங்கேயே கட்டினால் போதும். அங்கே தங்கும் செலவு மட்டும் நம்முடையது. செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால், நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு நிபந்தனை உண்டு. அங்கே படிக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று இரு பக்கமும் கையெழுத்திட்ட தாள், விமானம் ஏறும் முன் கையில் இருக்கவேண்டும். “வந்தப்புறம் பாத்துக்கலாம்பா” என்று துறைத்தலைவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வந்தபின் கிரெடிட் ஏறவில்லையென்றால், அந்த செமஸ்டரை மறுபடி படிக்கவேண்டியது பிள்ளைதான்.

மருத்துவத்துக்கு வேறு கணக்கு

எம்.பி.பி.எஸ். விஷயத்தில் பாடத்திட்டத்துக்கும் முன்னால் இந்திய விதி வருகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்: நீட் தேறியிருக்கவேண்டும், படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், பாடமொழி ஆங்கிலம், அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்யப் பதிவுபெறும் தகுதி அந்தப் பட்டத்துக்கு இருக்கவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்து இங்கே டாக்டராகத் தொழில் செய்ய முடியாது. கடைசி நிபந்தனையில்தான் பல கல்லூரிகள் அடிபடுகின்றன: வெளிநாட்டவருக்கென்று தனியாக நடத்தும் ஆங்கிலப் பிரிவுப் பட்டம், சில இடங்களில் உள்ளூரில் தொழில் செய்ய உதவாது.

கன்சல்டன்சியிடம் என்ன கேட்பது

ஜெயநகர், கோரமங்களா, எம்.ஜி. ரோடு எங்கும் கன்சல்டன்சிகள் இருக்கின்றன. பலர் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. பல்கலைக்கழகம் தரும் கமிஷன்தான் வருமானம். அதனால் அவர்களுடைய பட்டியல் கமிஷன் தருகிறவர்களின் பட்டியலாகவே இருக்கும். “உங்களுக்குக் கமிஷன் தராத பல்கலைக்கழகம் இதில் எது?” என்று நேராகவே கேளுங்கள். நல்ல ஆலோசகர் கோபப்படமாட்டார்.

கனடா காலேஜ் டிப்ளமோவை நீட்டினால் கவனம். 2024 நவம்பர் முதல் அப்படிப்பட்ட படிப்புகளில் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே படிப்புக்குப் பின் வேலை அனுமதி. பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆஸ்திரேலியா என்றால், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கப் பதிவுபெற்ற படிப்பு என்று காட்டும் கிரிகோஸ் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டியலினக் குடும்பங்கள் கர்நாடக அரசின் பிரபுத்தா திட்டத்தையும், ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையையும் முதலில் பார்க்கவேண்டும். கடன் அதற்குப் பிறகு.

ஆவணங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். பெங்களூரின் பல இன்ஜினியரிங் கல்லூரிகள் வி.டி.யூ.வின் கீழ் வருபவை. டிரான்ஸ்கிரிப்ட் தரும் தலைமையகம் பெலகாவியில் இருக்கிறது. ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். அதற்குள் டிரான்ஸ்கிரிப்ட், ஏ.பி.எஸ்., மொழிச் சான்று மூன்றும் கையில் இருக்கவேண்டும் என்றால், முந்தைய தீபாவளிக்குள் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.