உருண்டை பின்னா, யு.எஸ்.பி.யா? கீபோர்டு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கீபோர்டு வாங்கப் போகிறவருக்குப் பொருளோடு அறிவுரையும் சேர்ந்தே கிடைக்கும். “பழைய உருண்டை பின்தான் சார் ஸ்பீடு, யு.எஸ்.பி. கிட்டவே வராது” என்பார் ஒருவர். “அதெல்லாம் போயே போச்சு, மாத்தி மாட்டினா போர்டே எரிஞ்சிடும்” என்பார் அடுத்தவர். மயிலாப்பூரின் டி.டி.பி. மையங்களிலும் தி.நகரின் தட்டச்சுப் பயிலகங்களிலும் உலவுவது இதே பேச்சுதான். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பின்னின் தலையில் ஏற்றப்படும் பெருமையிலும் பழியிலும் பெரும்பகுதி கீபோர்டின் வேறு உறுப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டியது. இது தெரியாமல் நல்ல கீபோர்டுகளைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிட்டு, தேவையில்லாத விலை கொடுத்துப் புதியதை வாங்குகிறோம்.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் கீபோர்டு கம்பி, ஐந்து ஊசிகள் கொண்ட பெரிய வட்ட முனையில் முடிந்தது. 1987 ஏப்ரலில் அதே நிறுவனம் பர்சனல் சிஸ்டம்/2 வரிசைக் கணினிகளை வெளியிட்டபோது முனை சிறியதானது, ஊசிகள் ஆறாயின. உருண்டை பின்னுக்குப் பி.எஸ்.டூ. என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆறில் வேலை செய்பவை நான்கு மட்டுமே: 5 வோல்ட் மின்சாரம், கிரவுண்டு, தகவல், கடிகாரத் துடிப்பு. யு.எஸ்.பி.யின் முதல் வரையறை வெளிவந்தது 1996 ஜனவரியில். 1998-இல் ஆப்பிளின் ஐமேக் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் யு.எஸ்.பி.யை மட்டுமே வைத்த பிறகு மற்றவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

வேகத்தைப் பற்றிய நம்பிக்கைக்கு நிஜமான ஓர் அடிப்படை இருக்கிறது. பி.எஸ்.டூ. கீபோர்டில் விசையை அழுத்தியதும் தகவல் தானாகவே புறப்படுகிறது. 11 பிட் கொண்ட ஒரு தொகுப்பு, ஏறத்தாழ 1 மில்லி நொடியில் கணினிக்குள் போய், பிராசசரை நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. யு.எஸ்.பி. கீபோர்டு அப்படிப் பேச முடியாது. கணினி கேட்டால்தான் பதில் சொல்லும். சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டை விண்டோஸ் கணினி 8 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 125 முறை கேட்கிறது. ஆக, பழையது கொஞ்சம் முந்துகிறது என்பது சரியே.

அந்தக் கொஞ்சம் யாருக்கு உறைக்கும் என்பதுதான் கேள்வி. சர்தார் படேல் சாலையிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆங்கிலத் தட்டச்சு முதுநிலைத் தேர்வின் வேகம் நிமிடத்துக்கு 45 சொற்கள். சொல்லுக்கு ஐந்து தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 225 தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 267 மில்லி நொடி. அதன் நடுவே 8 மில்லி நொடி வந்து போவதை எந்த விரலும் உணராது. விசையின் உலோகம் தொட்டு அதிர்ந்து அடங்கும்வரை கீபோர்டின் சிப் காத்திருப்பதற்கே சில மில்லி நொடிகள் ஆகின்றன. அந்தக் காத்திருப்பு இரு வகைக்கும் பொது. நொடிக்கு 60 முறை படம் மாற்றும் மானிட்டரில் ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16 மில்லி நொடிக்கு மேல். இதற்கு மேலும் வேகம் வேண்டும் என்பவர்களுக்கு நொடிக்கு 1000 முறை பதில் சொல்லும் யு.எஸ்.பி. கீபோர்டுகள் பல ஆண்டுகளாகவே கிடைக்கின்றன. கணினி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் பிராசசர் திணறாதா என்ற கவலையும் வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்பது யு.எஸ்.பி.க்கென்றே இருக்கும் தனிச் சுற்று. தகவல் ஏதும் வந்தால்தான் பிராசசருக்குச் செய்தி போகும்.

அடுத்தது இன்னும் பிடிவாதமான நம்பிக்கை: பி.எஸ்.டூ. எத்தனை விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஏற்கும், யு.எஸ்.பி. ஆறோடு நின்றுவிடும். இந்த ஆறு எங்கிருந்து வந்தது? யு.எஸ்.பி. கீபோர்டுகளுக்கு வகுக்கப்பட்ட மிக எளிய தகவல் வடிவம் 8 பைட் கொண்டது. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒரு பைட், காலியாக ஒன்று, மற்ற விசைகளுக்கு ஆறு. அது குறைந்தபட்ச வடிவம்தான். எல்லா விசைகளையும் ஒரே நேரத்தில் சொல்லும் வடிவத்தையும் அதே வரையறை அனுமதிக்கிறது.

உண்மையான தடை கீபோர்டுக்குள் இருக்கிறது. மலிவான மெம்பிரேன் கீபோர்டில் விசைகள் வரிசையும் நெடுக்குமான கம்பி வலையில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால், நான்காவதையும் யாரோ அழுத்தியது போலச் சுற்றுக்குத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மூன்றாவது விசையையே சிப் தள்ளிவிடும். விசைக்கு ஒரு டயோடு வைத்தால் தீரும். செலவைக் குறைக்க வைப்பதில்லை. அப்படிப்பட்ட கீபோர்டின் முனையில் உருண்டை பின் இருந்தாலும் மூன்றாவது விசை விழாது.

விளையாட்டுக்காரர்களின் கவலை இது என்று ஒதுக்க வேண்டாம். பார்வையற்றோர் கணினியில் பிரெய்ல் எழுத எஸ், டி, எஃப், ஜே, கே, எல் ஆகிய ஆறு விசைகளை ஆறு புள்ளிகளாகப் பயன்படுத்துவது வழக்கம். ஓர் எழுத்துக்குரிய புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒன்று விழாவிட்டாலும் எழுத்தே மாறிவிடும். யு.எஸ்.பி.யின் எளிய வடிவத்திலேயே ஆறுக்கும் இடம் இருக்கிறது. கெடுப்பது உள்ளே இருக்கும் வலை. அவர்களுக்காக வாங்குகிறவர்கள் பின்னைப் பார்க்காமல், கடையிலேயே ஆறு விசைகளையும் சேர்த்து அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

“பழைய பின் கீபோர்டுதான் உழைக்கும்” என்ற நம்பிக்கைக்குச் சென்னையிலேயே மறுப்பு இருக்கிறது. அடையாறு எல்.பி. சாலையில் அலுவலகம் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ கீபோர்டு, தட்டும்போது கிளிக் கிளிக் என்று சத்தமிடும் அதே கீபோர்டு, இரண்டு முனைகளிலும் விற்பனைக்கு வந்தது. உள்ளே இருந்தவை ஒரே செர்ரி நீல ஸ்விட்சுகள். ஒவ்வொன்றும் 5 கோடி அழுத்தம் தாங்கும் என்பது செர்ரியின் கணக்கு. அந்த உழைப்பு ஸ்விட்சினுடையது, பின்னுக்கு அதில் பங்கில்லை.

தமிழில் தட்டச்சு செய்யவும் பின் ஒரு பொருட்டல்ல. பழைய கீபோர்டில் தமிழ்99 விசைமுறை வராது என்று சொல்லப்படுவது தவறு. கீபோர்டு எழுத்தை அனுப்புவதே இல்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கில ஏ விசைக்குப் பி.எஸ்.டூ. வழக்கமாக 1சி என்ற குறியீட்டையும் யு.எஸ்.பி. 04 என்பதையும் அனுப்பும். அதைத் தமிழ்99 முறையில் ‘அ’ என்றும் பழைய தட்டச்சு முறையில் ‘ய’ என்றும் ஆக்குவது கணினியிலுள்ள மென்பொருள்.

மதர்போர்டு எரிந்துவிடும் என்ற பயம் பாதி நியாயமானது. கணினி ஓடும்போது கழற்றி மாட்டுவதற்காகப் பி.எஸ்.டூ. வடிவமைக்கப்படவில்லை. பெரும்பாலும் கீபோர்டு உறைந்து போய், கணினியை மறுபடி இயக்கும்வரை எழாமல் இருக்கும். சில பழைய போர்டுகளில் அந்தத் துளைக்கான ஃபியூஸ் போனதும் உண்டு. யு.எஸ்.பி. முனையில் மின்சாரத்துக்கான தகடுகள் தகவல் தகடுகளைவிட நீளமானவை. மின்தொடர்பு முதலில் சேர்ந்துவிடுவதால் ஆபத்தில்லை. பி.எஸ்.டூ. என்றால் கணினியை அணைத்துவிட்டு மாட்டுவதே முறை.

“யு.எஸ்.பி. கீபோர்டு பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருளில்) வேலை செய்யாது” என்பதும் பழங்கதை. ஆனால் 2015-இல் இன்டெல்லின் ஸ்கைலேக் போர்டுகள் வந்தபோது, விண்டோஸ் 7 நிறுவும் வட்டில் யு.எஸ்.பி. 3-க்கான டிரைவர் இல்லாததால், பயாஸில் நன்றாக இருந்த கீபோர்டு நிறுவும் திரையில் செத்துப் போனது. உருண்டை பின் வைத்திருந்தவர்கள் அன்று தப்பித்தார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. பென் டிரைவ் வழியே தகவல் கசியக்கூடாது என்று யு.எஸ்.பி. துளைகளை மூடிவிட்டுப் பி.எஸ்.டூ. கீபோர்டை வைத்துக்கொள்ளும் அலுவலகங்களின் முடிவு அறிவுள்ளது. பென் டிரைவ் ஒன்றைக் கீபோர்டு போல நடிக்க வைக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2014-இல் செய்தே காட்டினார்கள். அதற்காகப் பழைய பின்னை ஒட்டுக்கேட்க முடியாது என்று நம்பிவிடக் கூடாது. 2009-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள், பி.எஸ்.டூ. கீபோர்டின் மின்காந்தக் கசிவைப் பிடித்து, 20 மீட்டர் தொலைவிலிருந்து, சுவரைத் தாண்டியும், அடித்ததில் 95 விழுக்காட்டை மீட்டார்கள். வயர்லெஸ்ஸில் மலிவானவை இன்னும் மோசம். எட்டு நிறுவனங்களின் கீபோர்டுகள் மறையாக்கம் ஏதுமின்றி, அடித்ததை அப்படியே காற்றில் அனுப்புவதை 2016-இல் பாஸ்டில் நிறுவனம் வெளிப்படுத்தியது. வங்கிக் கடவுச்சொல் அடிக்கிறவர்கள் இதை மனதில் வைத்து வாங்க வேண்டும்.

பழைய கீபோர்டு நன்றாக இருக்கிறது, புதிய கணினியில் துளைதான் இல்லை என்றால் என்ன செய்வது? சிறிய ஊதா, பச்சை அடாப்டர் உதவாது. அது யு.எஸ்.பி. கீபோர்டைப் பழைய துளையில் மாட்டுவதற்கானது. அதுவும் இரு மொழியும் தெரிந்த சிப் கீபோர்டில் இருந்தால்தான் வேலை செய்யும். உள்ளே வெறும் கம்பி இணைப்பு மட்டுமே. உருண்டை பின்னை யு.எஸ்.பி.யில் மாட்டச் சிப் உள்ள கன்வர்ட்டர் கேட்டு வாங்க வேண்டும்: ஒரு முனையில் இரண்டு உருண்டைத் துளைகள், மறுமுனையில் யு.எஸ்.பி. கடையிலேயே ஒரு கணினியில் மாட்டி, எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.